கொடி நிற்கும் இடம்

மச்சான்,

நேற்றுக் காலை புளியங்குளம் சந்தியில் கிளிநொச்சி பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்து மைதானத்தில் யாரோ மெஷினால் புல் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட புல்லும் பெற்றோலும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், துபாய் மணலில் உன் பக்கத்தில் நிற்கிறேன். வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் நாள் முழுக்க அதைச் சொல்லியே என்னை நாறடித்திருப்பாய்.

அந்த முதல் காலை நினைவிருக்கிறதா? கம்பனி வான் நம்மை இறக்கிவிட்ட இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அதன் நடுவில் நம் வயல்கள்கூடக் காணாத ஒரு பச்சை. கோல்ஃப் மைதானம் என்றார்கள். "அல்லாவே, இதுக்கு ஆர் தண்ணி வாக்கிறது?" என்று வாயைப் பிளந்தேன். "நீங்கதான்" என்றார் நம்மைக் கூட்டிப்போன மலையாளி மேற்பார்வையாளர்.

நான் புல்லில் கால் வைக்கப் போனேன். நீ பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "வையாதை! சிவப்புத் தடி நிக்குது!"

உண்மைதான். தலையில் சிவப்புப் பூசிய தடிகள் வரிசையாக நின்றன. நானும் துள்ளிப் பின்வாங்கினேன். வன்னிக்காரன் எவன் நிற்பான்? நம் ஊரில் சிவப்புத் தடிக்கு அப்பால் சண்டைக்காலத்தில் புதைத்த மிதிவெடி. அக்கராயனில் உன் அப்பா காடு வெட்டி உண்டாக்கிய காணியே அப்படித்தான் தடிகளுக்குப் பின்னால் கிடந்தது. அதற்குள் ஒருநாள் நடக்கவேண்டும், அதுதான் உனக்கிருந்த ஒரே ஆசை.

மேற்பார்வையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவப்புத் தடி குளத்து எல்லையைக் காட்டுகிறது, தூரத்தில் தெரியும் கொடி குழியைக் காட்டுகிறது, எல்லாரும் அந்தக் கொடியை நோக்கித்தான் போவார்கள் என்றார். நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொடிவரை நடந்தாய். அங்கே நின்று அழுதாய். "இஞ்ச கொடி எண்டால் வா எண்டு அர்த்தமாம், மச்சான்." எதற்கெடுத்தாலும் உன்னைக் கேலி செய்கிற நான் உன் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றேன்.

பிறகு மஸ்கட்டில் இன்னொரு கோல்ஃப் மைதானத்துக்கு அனுப்பினார்கள். பூநகரியில் முழங்காலளவு தண்ணீரில் நடந்து பழகிய எனக்கு அந்தக் கடல் வேறு சாதியாக இருந்தது. பாறை விளிம்புவரை புல், அதற்குக் கீழே அலை இடிக்கிறது, கொடியோ அந்தப் பக்கத்துப் பாறையில். கடலுக்கு மேலால் பந்தை அடிக்கிறார்கள்! ஒருவருடைய பந்து நேரே தண்ணீரில் விழ, மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தவறினாலும் சிரிக்கலாம் போல கிடக்கு" என்றாய். அன்று பின்னேரம் முழுக்க வேலையை மறந்து கடலையே பார்த்து ஏச்சு வாங்கினோம்.

லீவில் வந்தபோது என்னை நுவரெலியாவுக்கு இழுத்துப் போனாயே, அந்தக் குளிரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கலவரத்தில் வன்னிக்கு ஓடிவருவதற்கு முன் உன் அப்பா அந்த மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அங்கத்தைய கோல்ஃப் மைதானத்தின் ரோட்டோர வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எல்லாவற்றையும் மூடியிருந்த பனிப்புகார் மெல்ல விலகியது. முதலில் ஒரு கொடி தெரிந்தது, பிறகு புல், பிறகு வானம்வரை மரங்கள். இப்படி ஒன்றை இந்த நாட்டிலேயே வைத்துக்கொண்டா நாம் இருந்தோம் என்று நான் மலைத்துப்போனேன். "அப்பா மேலயிருந்து பாத்ததோட சரி. ஒருநாளும் உள்ள போகேல்லை" என்றாய். நீயும் போகவில்லை. "முதல்ல எங்கட காணி" என்றாய்.

காணி விடுபடுமுன் உன் நெஞ்சு நின்றுவிட்டது. அதில் எனக்கு இன்னும் ஆத்திரம்தான், யார்மேல் என்று தெரியவில்லை.

போன கிழமை, நம் நட்பால் என்னை அண்ணனாக்கி ‘நானா’ என்று கூப்பிடும் உன் மனைவி போன் எடுத்தா. "நானா, வெடியெல்லாம் எடுத்துப்போட்டினம். தடியும் கழட்டியாச்சு. ஆனா எனக்கு உள்ள போகக் கால் வருகுதில்லை. ஒருக்கா வாங்கோ."

அதற்காகத்தான் நேற்று அந்தப் பஸ்ஸுக்கு நின்றேன். பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அவா காணி ஓரத்திலேயே காத்துநின்றா. போனிலேயே கொண்டுவரச் சொல்லியிருந்த உன் துபாய் மஞ்சள் வேலைச் சட்டையை வாங்கி ஒரு கம்பில் கட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வீரமென்று நினைக்காதே, புல்லை விலக்கி நிலத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன். நடுவில் நிற்கும் பாலை மரத்தடியில் கம்பை நட்டுவிட்டுத் திரும்பிக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, நிலத்தைப் பாராதேங்கோ. கொடியைப் பாத்துக்கொண்டு வாங்கோ."

வெகுநேரம் நின்றா. பிறகு வந்தா. இடுப்பளவு புல்லை விலக்கிக்கொண்டு, தலை குனியாமல் வந்தா. வந்து உன் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டா.

"இந்தக் கொடிக் கதையை அவர் சொல்லேக்க நான் நம்பேல்லை, நானா."

மணலில் புல் வளர்த்ததைப் பார்த்தேன், கடலுக்கு மேலால் பந்து பறந்ததைப் பார்த்தேன், புகாருக்குள்ளிருந்து மலை இறங்கி வந்ததைப் பார்த்தேன். நேற்றுப் பார்த்ததற்கு முன்னால் அவையெல்லாம் தூசு, மச்சான். இத்தனை வருசமாக நிலத்தைப் பார்த்தே நடந்த நானும் ரோட்டுவரை நிமிர்ந்து நடந்து வந்தேன். கொடியைப் பிடுங்க அவா விடவில்லை. அது அங்கேயே நிற்கிறது.