மூத்தப்பா முகாமில் இல்லாத பத்தொன்பது நாள்

மச்சான்,

உன்னுடைய சட்டை எனக்குத் தோளில் இறுக்குகிறது. நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி, என் தங்கச்சி, வீட்டோடு இத்தாவில் இருந்துகொண்டே உன் அலுமாரியைத் துப்புரவாக்கி, உடுப்புகளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, சாம்பல் நிறக் கோடு போட்ட இந்த ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். கழுவித்தான் தந்தாள். என்றாலும் கொலரில் உன் அத்தர் மணம் போகவில்லை. இன்று ஜும்ஆவுக்குப் போட்டுக்கொண்டு போனேன். தொழுகையில் தக்பீர் கட்டக் கையைத் தூக்கியதும் கக்கத்தில் தையல் விட்டது. அறுபது வயதுவரை வயிறு வைக்காமல் இருந்தாயே, அதிலும் எனக்கு உன்மேல் எரிச்சல்தான்.

பொறாமை என்று பச்சையாகவே எழுதுகிறேன். நீ இருக்கும்போது இந்தச் சொல்லை என் வாயால் சொல்லியிருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நம் இருவருக்கும் மூத்தப்பா ஒருவர்தான். என் வாப்பாவும் உன் உம்மாவும் அவருடைய இரண்டு பிள்ளைகள். ஆனால் நம் ஊர் வழக்கம் இருக்கிறதே! வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கலியாணம் முடித்த வீட்டுக்கு. வாப்பா என் உம்மாவின் வீட்டுக்குப் போனார். உன் உம்மா, அதாவது எங்கள் மாமி, பிறந்த வீட்டிலேயே இருந்தார். மூத்தப்பாவும் அங்கேயே இருந்தார். அப்படித்தான் நீ அவருடைய வளவில் பிறந்தாய். நான் மூன்று ஒழுங்கை தள்ளிப் பிறந்தேன். கல்முனையில் மூன்று ஒழுங்கை என்றால் ஒரு பீடி பற்றவைத்து முடிக்கிற தூரம். எனக்கு அது கடல் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். எனக்குச் சோசரோடு பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வரும். நீ மூத்தப்பாவின் காலடியில் குந்திக்கொண்டு, அவர் குடித்து மிச்சம் வைத்த தகரக் குவளையை வாங்கி உறிஞ்சுவாய். எனக்கு அந்தக் குவளைதான் வேண்டும். ஒரு நாள் கையை நீட்டினேன். மாமி ஓடி வந்து, "அது பழசு மகன், நீங்க இதுல குடியுங்க" என்றார். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. சொந்த மூத்தப்பாவின் வீட்டில் நான் விருந்தாளி!

வீட்டுக்குத் திரும்பும்போது வாப்பாவும் பேசாமல்தான் வருவார். ஒரே ஒரு தடவை, ஒழுங்கை முடக்கில் நின்று சொன்னார்: "அவருக்கு மகள்தான் புள்ள. நான் வெள்ளிக்கிழமை மகன்." சின்ன வயதில் கேட்ட அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாய் நின்றுவிட்டது.

மூத்தப்பா யுத்தத்தில் இருந்தவர் என்று ஊருக்கே தெரியும். ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட காலத்தில் அங்கே பட்டாளத்தில் இருந்தார். அந்தக் கதைகளெல்லாம் உனக்குத்தான் கிடைத்தன. அவருடைய படை இலக்கத்தை உனக்குப் பாடமாக்கியிருந்தார். அவர் கூப்பிட, நீ முற்றத்தில் விறைத்து நின்று அந்த இலக்கத்தைக் கத்துவாய். உடனே அவர் சிரிப்பார். நான் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியவனாகிப் பள்ளிக்கூட மாஸ்டரான பிறகு நீ சொன்ன கதைகளில் மூத்தப்பா பீரங்கியால் விமானத்தையே விழுத்தினார். சபையில் யாராவது, "ஒங்கட மூத்தப்பாட கதையச் செல்லுங்க மாஸ்டர்" என்று உன்னைத்தான் கேட்பார்கள். "எனக்கும் மூத்தப்பாதான்" என்பேன். "ஓம் ஓம், மறந்து பெய்த்து" என்பார்கள்.

அதோடு விட்டாயா? என் தங்கச்சியைக் கலியாணம் முடித்தாய். வழக்கப்படி எங்கள் வீடு அவளுக்குப் போனது. அவளோடு நீ வந்து சேர்ந்தாய். நான் அக்கரைப்பற்றுக்கு, என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். நான் படுத்த அறையில் நீ படுத்தாய். கடைசியில் வாப்பா படுக்கையில் விழுந்தபோது அவரைக் குளிப்பாட்டியதும் தாடி ஒதுக்கியதும் நீதான். நான் பஸ் ஏறி வெள்ளிக்கிழமைகளில் வந்து, தங்கச்சி தந்த பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனேன். முதலில் மூத்தப்பா, பிறகு வாப்பா. எனக்கென்று நீ எதைத்தான் மிச்சம் வைத்தாய்?

உன் மகளின் கலியாண வீடு நினைவிருக்கிறதா? வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். பந்தலில் நீ விமானக் கதையைத் தொடங்கினாய். எனக்குப் பொறுக்கவில்லை. "பீரங்கிப் படையெண்டு ஒனக்கு ஆர் செல்லின? பேப்பர் இரிக்கா?" என்று கேட்டேன். நீ எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "வெள்ளிக்கிழமை வந்து போனவனுக்கு என்ன மச்சான் தெரியும்?"

வாப்பாவின் சொல். அது உன் வாயிலிருந்து வந்தபோது, பந்தல் கம்பைப் பிடுங்கி உன்னை அடித்தால் என்ன என்று இருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன். மூத்தப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றை, ஒரே ஒன்றை, நான் கண்டுபிடிப்பேன். அது எனக்கு மட்டும் சொந்தமாக இருக்கும்.

மூத்தப்பாவின் பெட்டி சுனாமியில் மாமியின் வீட்டோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது உன் வாயில் இருந்த அந்த இலக்கம்தான். வெட்கத்தை விட்டு உன்னிடம் கேட்டேன்.

"இலக்கம் என்னத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மாக்கு அது தரேலாது மச்சான். அது எனக்கும் அவருக்கும் உள்ள இலக்கம்."

சரி போடா என்றிருந்தது. முப்பது வருடம் காணிப் பகுதியில் இலிகிதராகப் பழைய பேப்பர்களுக்குள் தூசு தின்றவன் நான். சவளக்கடை ஊரில் மூத்தப்பாவுக்குக் கிடைத்த வயல் ஞாபகம் வந்தது. அதுவும் மாமிக்குச் சீதனமாய்ப் போனதுதான், அதை விடு. யுத்தத்தில் சேவை செய்தவர் என்று காட்டித்தானே அந்தக் காணியைக் கேட்டிருக்க வேண்டும்? பழைய நண்பர் ஒருவரைப் பிடித்து மூன்று மாதம் அலைந்தேன். மண்ணிறமாகிப்போன விண்ணப்பம் கிடைத்தது. அடியில் மூத்தப்பாவின் கையெழுத்து, பக்கத்தில் படை இலக்கம். அந்த இடத்திலேயே எழும்பி நின்று அதை வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன்.

பழைய சிப்பாய்களின் சேவைப் பதிவுக் கோவைகள் இங்கே இல்லை, வெளிநாட்டில் ஒரு காரியாலயத்தில் இருக்கின்றன என்றார்கள். மூத்தப்பாவின் மரணச் சாட்சிப் பத்திரம், வாப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், என்னுடையது, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் உனக்குச் சீனி கூடி, கால் புண்ணாகி, ஆஸ்பத்திரியும் வீடுமாகிவிட்டாய். நான் தேடுவது உன் காதுக்கு எட்டியிருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டாய்.

"எழுதிப் போட்டிரிக்கியாமே?"

"ஓம், போட்டிரிக்கன்."

"கெடைக்கும்டா. கெடச்சா முதல்ல தங்கச்சிக்கிட்ட வா. ஊருக்குள்ள கொண்டு போய்க் கதைக்காத."

பயந்துவிட்டான் என்று நினைத்தேன். உன் பீரங்கிக் கதை உடையப் போகிறது, அதுதான் கெஞ்சுகிறாய் என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நீ இன்னும் பதினேழு நாள்தான் இருக்கப்போகிறாய் என்று தெரியாத குஷி.

கோவை நீ மௌத்தாகி இரண்டு மாதத்தில் வந்தது. என் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். பீரங்கிப் படையாம்! கூலிப் பட்டாளம், மச்சான். ரோட்டுப் போட்டார்கள், கப்பலில் சாமான் இறக்கினார்கள். மூத்தப்பாவின் கையில் துப்பாக்கி கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. தனியாக இருந்து சிரித்தேன். பிறகு மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.

அனுமதியில்லாமல் முகாமில் இல்லாத நாட்கள், பத்தொன்பது. தானாகத் திரும்பி வந்தான். பிறந்த பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போனதாகச் சொல்கிறான். தண்டனை: இருபத்தெட்டு நாள் காவல், சட்டைக் கையில் இருந்த ஒற்றைப் பதவிப் பட்டி பறிப்பு.

எழுந்து போய் வாப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். வாப்பா பிறந்து எட்டாம் நாள் மூத்தப்பா முகாமை விட்டு ஓடியிருக்கிறார். செய்தி போய்ச் சேரவே எட்டு நாள் ஆகியிருக்கும். யுத்த நேரம், ஆறும் களப்பும் கடந்து, பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே, என் வாப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார். கோவையில் மாமி பிறந்த மாதத்தையும் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அதைப் பார்க்கத்தான் கை முதலில் போனது. மூத்தப்பா முகாமிலேயே இருந்திருக்கிறார், ஒரு நாள்கூடத் தவறாமல். வெள்ளிக்கிழமை மகனுக்காகத்தான் மனிசன் மறியலில் அடைபட்டுக் கிடந்திருக்கிறார்!

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் மேலே வைத்திருந்த கடிதத்தை ஒழுங்காக வாசித்தேன். இதே கோவையின் பிரதி, கல்முனையிலிருந்து கேட்ட குடும்பத்தவர் ஒருவருக்கு எட்டு வருடங்களுக்கு முன்பே அனுப்பப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

குடும்பத்தில் அந்த இலக்கம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். எட்டு வருடத்துக்கு முன் வாப்பா உயிரோடு இருந்தார். நீ இருந்த அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்தார். இந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை ஒருத்தரும் விரும்பவில்லை என்று அந்தக் கிழவனைச் சாக விட்டாயா? அடுத்த பஸ்ஸில் கல்முனைக்கு வந்தேன். இத்தாவில் இருக்கிற பிள்ளை என்றும் பாராமல் தங்கச்சிக்கு முன்னால் கத்தினேன். உன்னை என்னென்னவோ சொன்னேன். மௌத்தானவனைப் பற்றிப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன்.

நான் கத்தி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "இவர் வாப்பாக்கு வாசிச்சுக் காட்டினவர், காக்கா."

"எப்ப?" என்றேன்.

"பேப்பர் வந்த அண்டைக்கே. இங்கிலீசில வாசிச்சு, மறுகா தமிழில செல்லினார். நான் குசினிக்குள்ள மீன் கழுவிக்கிட்டு இருந்தன். வாப்பாட சத்தம் கேட்டிச்சி, 'திருப்பி வாசி மகன்' எண்டு. மூணு தரம் வாசிக்க வெச்சார். அந்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஆட்டோவில மூத்தப்பாவ அடக்கின மையவாடிக்குப் போய் அவருக்கு சலாம் செல்லிப்போட்டு வந்தாங்க."

"எனக்கு ஏன் செல்லல்ல?"

"வாப்பாதான் வேணாமெண்டார். 'அவன்ட குணம் எனக்குத் தெரியும். இத வெச்சி மச்சானக் கொத்துவான், ஊரெல்லாம் மூத்தப்பா மறியலுக்குப் போன கதையாகிரும். அந்த மனிசன் சாகுமட்டும் ஒளிச்சத நாம ஏன் தெறக்க?' எண்டு செல்லினார். இவருக்கிட்ட சத்தியம் வாங்கினவர்."

வாப்பா என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார். நான் அன்றைக்கு வந்ததே கொத்தத்தானே? நீயோ பந்தலில் எல்லாருக்கும் முன்னால் நான் பேப்பர் கேட்டபோது, பேப்பரை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு விமானத்தை விழுத்திக்கொண்டிருந்தாய். மறியல் மறைய வேண்டும் என்று விமானத்தை இன்னும் பெரிதாக்கினாய். நானென்றால் ஒரு நாள்கூட வாயை மூடியிருக்க மாட்டேன். அதற்கும்தான் உன்மேல் பொறாமை.

போன கிழமை சந்தைக்குள் ஒருவர் என்னை மறித்து, "ஒங்கட மச்சான் செல்லுவாரே, அந்தப் பிளேன் கதை, இனி ஆர் செல்லப் போறா?" என்றார். நான் சொன்னேன், மச்சான். நீ சொல்கிறபடியே சொன்னேன். மூத்தப்பா பீரங்கியைத் திருப்பினார், விமானம் புகைந்துகொண்டு கடலில் விழுந்தது. உன்னளவு நன்றாக வரவில்லை. ஆனாலும் சொல்வேன், இனியும் சொல்வேன்.

ஒன்றுதான் ஆறவில்லை. வாப்பா வாழ்நாள் முழுக்கக் கேட்கக் காத்திருந்த செய்தி அது. அதை நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். நீ கொடுத்தாய். தங்கச்சியிடம் கேட்டேன், கெஞ்சிக் கேட்டேன். "நான் குசினிக்குள்ள காக்கா, முகத்த நான் காணல்ல" என்கிறாள். கண்டவன் நீ ஒருவன்தான். மூன்றாம் தரம் வாசித்து முடித்தபோது வாப்பாவின் முகம் எப்படி இருந்தது, மச்சான்?