மச்சான் பாதி பச்சை

ஐப்பசி 4, திங்கள்
காலையிலிருந்து மழை. குடை ஒழுகல். சுமத்ரா பக்கம் பூமி குலுங்கியதில் போன மாதம் இங்கே பினாங்கில் ஆயர் ஈத்தாமுக்கு மேலே மலை சரிந்தது. அன்று என் மீசை ஆடியதை ஊரே பார்த்தது. இன்று துரை சரிவைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தார். இடது எனக்கு, வலது தங்கச்சி புருஷன் சின்னையாவுக்கு. எவன் பாதி பச்சையாகி மண்ணைப் பிடிக்கிறதோ அவன் பெரிய மண்டோர், கூலியாட்களுக்கெல்லாம் மேஸ்திரி. மலைமேல் பலகை வீடும் அவனுக்கே. வீடு எனக்கு. இதில் பேச்சே இல்லை.

ஐப்பசி 20
மழை விட்டது. ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவன் நான். என் நிரையில் ஒரு புல் தலைகாட்டினால் அன்றே அதற்குக் கருமாதி. அதே கணக்கு இங்கும். விழுந்த மரம், மக்கிய கட்டை, களை, எல்லாம் வாரி எறிந்தாச்சு. சவுக்குக் கன்று நூல் பிடித்த மாதிரி வரிசை. சக்கரவர்த்தி வந்து நடக்கலாம்.
மச்சான் ஒரு சுள்ளியைக்கூட நகர்த்தவில்லை. பாய் விரித்துத் தூக்கம்.
தங்கச்சி பாக்கியம் இரண்டு தூக்குச்சட்டி அனுப்பினாள். அவனுக்கு மீனில் நடுத்துண்டு, எனக்கு வால். கூடப் பிறந்தவளாம்.

தை 12
வெயில். அவன் பக்கம் காட்டோரத்திலிருந்து ரெசாம் பெரணி ஊர்ந்து வருகிறது. கட்டைகளின் இடுக்கில் செண்டுடுக் செடி, ஊதாப் பூவோடு. குருவிகள் அங்கேதான் விதை போடுகின்றன. லஞ்சம் கொடுத்திருப்பான். என் பாதியோ, சவரம் செய்த தலை.
பெரிய மனசோடு போய், களை எடுத்துத் தரட்டுமா என்றேன்.
“வேண்டாம் மச்சான். நான் படுத்திருக்கேன், அது எந்திரிக்குது. அப்படியே இருக்கட்டும்லா.”
வயிறு எரிந்தது. அதில் சோறே வடிக்கலாம்.

தை 13
அவன் சாப்பிடப் போன நேரம் நாலு பெரணியை வேரோடு பெயர்த்து என் பக்கம் நட்டேன். திருட்டில்லை. குடும்பச் சொத்து.

தை 19
நாலும் கருகி விளக்குமாறு.

சித்திரை 9
பேய் மழை. என் சவுக்கு வரிசை மண்ணோடு கீழே ஓடையில். அங்கேயும் ஓரளவு நேராகத்தான் கிடக்கிறது. அவன் பக்கம் பெரணி பாய் பின்னிக்கொண்டு ஒரு பிடி மண்ணை விடவில்லை. ஏன் மொட்டையடித்தாய் என்று துரை கேட்டார். தோட்டத்தில் இதற்குத்தானே சபாஷ் வாங்கினேன்.
மச்சான் பெரிய மண்டோர். பலகை வீட்டில் எனக்கும் ஒரு அறை இருக்கிறதாம், பாக்கியம் வரச்சொன்னாளாம். என்னைப் பிரிந்தால் என் வீட்டுக் கொசுக்கள் அழும் என்று சொல்லிவிட்டேன்.

வைகாசி 2
தூறல். புது மண்டோர் உத்தரவு: என் பாதியில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. வைத்தால் என்ன என்று தோளில் போட்டுக்கொண்டே போனேன்.
அவன் பக்கமிருந்து உருண்டு வந்த மக்கிய கட்டை. அதன் அடியில் ஒரு பெரணிச் சுருள், பிள்ளையின் மூடின விரல் மாதிரி. யாரும் நடாதது.
கை தானாக மண்வெட்டியை ஓங்கிவிட்டது. பாழாய்ப்போன பழக்கம். கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.
மேலிருந்து மச்சான் குரல். “அங்க என்ன மச்சான்?”
“ஒண்ணுமில்ல.”
சுற்றிக் கல் அடுக்கிவிட்டு வந்தேன். அவன் பாதியில் ஒன்றுகூட இவ்வளவு அழகாகச் சுருளவில்லை.