தவளைத் தோலும் இருட்டில் வருகிறவரும்

ஆழ்வார்பேட்டை,
12-7-1978

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லாமல் இருக்கிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் முக்கியமான சமாச்சாரம். ஹாலில் கிடந்த பிரம்பு நாற்காலியை இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் டெலிவிஷன் பெட்டிக்கு நேர் எதிரே போடுவது என்றும், அதில் நான் உட்காருவதில்லை என்றும், தி. நகர் சுந்தரவல்லி அம்மாள் உட்காருவார் என்றும் தீர்மானம் ஆகியிருக்கிறது. இந்த முடிவுக்கு வர உன் அம்மாவும் நானும் இரண்டு வேளை காப்பியை ஆறவிட்டோம். நேற்று முதல் அமலுக்கு வந்துவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து நாடகம் பார்த்தேன். முதுகு வலித்தாலும் நாடகமும் மோசமாகவே இருந்ததால் பெரிய நஷ்டம் இல்லை. புளியமரத்துப் பேய் ஒன்று வந்தது. வெள்ளைப் புடவையில் இஸ்திரி மடிப்பு அப்படியே தெரிந்தது. பேய் பேசி முடிக்கும் முன்பே ஹாலில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். உன் கேஸட்டில் வரும் ஆளுக்கு இது உறை போடக் காணாது என்று கீழ்வீட்டுப் பஞ்சாட்சரம் சொன்னார்.

கேஸட்டைப் பற்றி நீ கேட்டிருந்தாய், மூன்றாவது கேஸட் வந்து சேர்ந்ததா, அம்மா கேட்டாளா, பதிலே இல்லையே என்று. வந்து சேர்ந்தது. இங்கே நடக்கும் முறையை உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தெருவில் நம் வீட்டில் மட்டும் டெலிவிஷன் இருப்பதால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். நாடகம் தொடங்கும் வரை அவர்களை உட்கார வைக்க ஏதாவது வேண்டுமே என்று உன் கேஸட்டைப் போட்டுவிடுகிறோம், அமெரிக்காவிலிருந்து வந்த குரல் என்றால் ஒரு மரியாதைதான். ஆனால் முதல் இரண்டு கேஸட்டிலும் நீ தவளையின் தோல் உப்பை எப்படி உறிஞ்சுகிறது என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. தவளைக்குப் போட்ட உப்பில் கொஞ்சம் சுண்டலுக்கும் போட்டிருக்கலாம் என்று பஞ்சாட்சரம் சொல்லி, அத்தனை பேரும் சிரித்து, உன் அம்மா உள்ளே போய்விட்டாள். அதனால் மூன்றாவது கேஸட்டுக்கு நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். உன் வாயிலிருந்து புரொபஸர் என்ற சொல் வந்ததும் வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்திவிடுவது, தவளை தாண்டியிருக்கும் என்று தோன்றும்போது விடுவது.

அப்படி நான் பொத்தானை விட்ட இடத்தில் உன் குரல் ஆளே மாறிப்போய் இருந்தது. அவர் இருட்டிய பிறகுதான் வருவார் அம்மா, பகலில் அவரை யாரும் பார்த்ததே இல்லை, முகம் வெளுத்து இருக்கும், கறுப்பு அங்கி, ஆனால் என்ன மரியாதையான பேச்சு, நாலு மணி எப்போது அடிக்கும் என்று காலையிலிருந்து காத்துக்கொண்டே இருப்பேன், அவரைப் பார்க்காத அன்றைக்கு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றாய். ஆறு வருஷத்தில் நீ இவ்வளவு உற்சாகமாகப் பேசிக் கேட்டதில்லை. ஹாலில் சுண்டல் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. நாலு மணிக்கு எப்படி இருட்டும் என்று உன் தங்கை சீதா கேட்டாள். அந்த நாட்டில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று பஞ்சாட்சரம் அடித்துச் சொன்னார், அவர் பெங்களூரைத் தாண்டியதில்லை. பாத்திரம் தேய்க்க வந்த பாஞ்சாலி கதவோரம் நின்றுகொண்டு, இன்னா சார், பாப்பா சொல்ற ஆளு பகல்ல வெளியவே வரமாட்டானா, கடங்காரன் எவனாச்சும் தேடிக்கினு கீறானோ இன்னாவோ என்றாள். அதற்குள் நீ, நேற்று அவர் அவள் கழுத்தைக் கடித்துவிட்டார், ஆனாலும் அவளுக்கு அவர்மேல் கோபமே வரவில்லை, எனக்கும்தான் வரவில்லை என்று சொல்லிச் சிரித்தாய். தண்ணி போட்டா அப்டித்தான் கடிக்கும் சார், எங்க வூட்டு ஆளும் அப்டித்தான் என்று பாஞ்சாலி எல்லோருக்கும் ஆறுதல் சொன்னாள்.

சுந்தரவல்லி அம்மாள் அன்றைக்குப் பாயில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷமாகத் தன் மகன் கணேசமூர்த்திக்கு உன்னைப் பேசி வைத்துக்கொண்டு, நீ படிப்பை முடிப்பாய் முடிப்பாய் என்று தன் ஜவுளிக்கடையில் வந்து கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷி. யாரு அண்ணாச்சி அவரு என்று என்னைக் கேட்டார். உன் அம்மா, ஏங்க, கொஞ்சம் பின்னால ஓட்டிப் போடுங்களேன், நடுவுல என்னமோ விட்டுப்போச்சு என்றாள். ஆனால் நாடகத்துக்கு நேரமாகிவிட்டது, கேஸட்டை நிறுத்தி டெலிவிஷனைப் போட்டேன். வந்தவர்கள் நாடகம் பார்க்க வந்தவர்கள், அவர்களைக் காக்க வைப்பது முறையல்ல.

மறுநாள் காலையில் தனியாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். புரொபஸர் மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எழுதச் சொன்னது, நீ தூங்காதது, மத்தியானம் ஹாஸ்டல் கீழ்க்கூடத்துக்குப் போய் டெலிவிஷனில் ஒரு பேய் நாடகம் பார்ப்பது, அதில் இருநூறு வருஷத்துக்கு முன் செத்தவர் ஒருவர் நிலவறையிலிருந்து எழுந்து வருவது, எல்லாம் தெளிவாகவே சொல்லியிருந்தாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தைக்குள் கட்டாயம் முடித்துவிடுவேன், கணேசமூர்த்தியிடம் அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் போன பொங்கலுக்குப் போட்ட கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நீ சொன்னதும் நான் ஓட்டிவிட்ட அந்தப் பகுதியில்தான் இருந்தது. அந்த இடத்தில் உன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது, நாடா தேய்ந்திருந்தாலும் அப்படிக் கேட்கும்.

வியாழக்கிழமை சுந்தரவல்லி அம்மாள் தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி, மூத்தவளுக்கு அங்கனயே ஒருத்தர மனசுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா நாம ஏன் குறுக்க நிக்கணும், புள்ள சிரிச்சத நானும் என் காதால கேட்டேனே, இளையவ கண்ணு முன்னாலதான இருக்கா என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் யோசித்துப் பார், நான் என்ன சொல்ல வேண்டியிருக்கும்? ஆறு வருஷமாகத் தவளையை உரித்துக்கொண்டிருக்கும் இருபத்தொன்பது வயதுப் பெண், வேலையை விட்டுவிட்டு மத்தியானத்தில் உட்கார்ந்து பேய் நாடகம் பார்க்கிறாள், அதைப் பார்க்காவிட்டால் பைத்தியம் பிடிக்கும் என்கிறாள் என்று சொல்ல வேண்டும். ஆள் ஒருவன் இருக்கிறான் என்பது அதைவிட கௌரவமாகப் பட்டது. உன் நன்மையை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். கணேசமூர்த்தியும் கூடவே வந்திருந்தான். அவன் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சீதாவுக்கு மேலே படிக்கும் எண்ணம் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டான். இல்லை என்று சொன்னேன். அவள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருப்பதைப் படிப்பு என்று நான் கருதுவதில்லை, உன்னைப் பார்த்த பிறகு யாருக்குமே அப்படித் தோன்றாது.

சீதா, அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமாப்பா என்றாள். நியாயமான கேள்வி. நான் எழுதி அது உனக்கு வந்து, நீ அழுது முடித்து எழுதி அது இங்கே வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எதுவும் செய்ய முடியாது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் தேங்காய் வாங்கிவரச் சொல்வதற்காகப் பேசினாள்.

உனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி கொஞ்சம் இருக்கிறது. அந்த நாடகத்தை விட்டுவிடாதே, தினமும் பார். இங்கே இரண்டாவது பெண்ணையும் அவர் கடித்தாரா என்று தெரியாமல் தெருவே தவித்துக்கொண்டிருக்கிறது, எனக்கும் அறியும் ஆவல் உண்டு. இப்போது அவர் செத்தவர் என்று ஹாலில் சொல்லிவிட்டேன், சொல்வதால் இனி யாருக்கும் நஷ்டம் இல்லை. பாஞ்சாலிதான், செத்தும் போய் இன்னா மருவாதியா பேசறாரு பாரு சார் என்று உருகிப்போனாள். ஆகவே அடுத்த கேஸட்டில் கதையை முதலில் சொல், நிறுத்தி நிதானமாகச் சொல், ஆராய்ச்சி சமாச்சாரங்களைக் கடைசியில் வைத்துக்கொள், ஓட்டித் தேடும் சிரமம் எனக்குக் குறையும். புரொபஸர் திட்டினால் மனதில் வைத்துக்கொள்ளாதே, அவர் ஒருவர்தான் நீ எழுதுவதை முழுக்கப் படிக்கிறவர். வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டிருக்காதே, சோறு வடித்துச் சாப்பிடு. தைக்குள் முடிக்க வேண்டும் என்று இனி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாக முடி.

உன் கண் மங்காமல், தலைமயிர் கொட்டாமல், அந்தப் பட்டம் உன் கைக்கு வந்துசேர மயிலைக் கபாலீசுவரர் துணையிருப்பார். அம்மா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னாள், வேறென்னவோ எழுதவும் சொன்னாள், இடம் போதவில்லை. தொண்ணூறு நிமிஷக் கேஸட் நம் பெட்டியில் சிக்குகிறது, அறுபது நிமிஷக் கேஸட்டாகவே அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
நல்லசிவம்

பி.கு. சீதாவுக்கு எழுதுவதானால் இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். கணேசமூர்த்தி, ஜவுளிக்கடை மாடி, தி. நகர் என்று எழுதினால் போதும். கல்யாணமாகித் திங்கட்கிழமை முதல் அங்கேதான் இருக்கிறாள்.