ஜெனரல் பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

சத்தீஸ்கருக்கு வரும் போர்வெல் ரிக் வண்டியில் அம்மா எள்ளுருண்டை கொடுத்தனுப்புகிறாள். அந்த டப்பாவில் இதையும் வைக்கிறேன். போனில் சொன்னால் கம்ப்ரசர் சத்தத்தில் உங்களுக்குப் பாதிதான் கேட்கும்.

இரண்டாம் வருடத்துக்குப் பிரிவு ஒதுக்கிவிட்டார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் பொதுப் பாடம்தான் என்பதால், போன வருடம் முழுக்க, என்ன இன்ஜினியரிங் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஜெனரல் என்று சொல்லியே அலுத்துவிட்டது. வேலூர் அத்தைகூட, "ரயில்ல இருக்கற ஜெனரலாட்டமா சாமி? நின்னுட்டே போவோணுமா?" என்று கேட்டார். சிரித்தேன். ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தேன், அப்பா. நேற்றுதான் உட்கார இடம் கிடைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மெக்கானிக்கல்.

"இந்தக் கிரீசு என்னோட போவட்டும், நீ கம்ப்யூட்டர் படிச்சு ஏசி ரூம்ல உக்காரு" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. பட்டறை வகுப்பில் எஞ்சினைப் பிரித்துக் காட்டியபோது மற்றவர்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மணியடித்ததே கேட்கவில்லை. அதை அம்மாவிடம் சொன்னேன். "அப்பனாட்டமே" என்று முறைத்தாள். பிறகு கேசரி கிண்டினாள்.

கம்ப்யூட்டருக்கு நிறைய மதிப்பெண் வேண்டும். அங்கே யாராவது கேட்டால், பிள்ளைக்கு மதிப்பெண் பத்தவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இது உங்கள் கைக்கு வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று அம்மா சத்தியம் செய்திருக்கிறாள். அப்புறம், வகுப்பிலேயே நான்தான் முதல் மதிப்பெண் என்று போனில் சொல்லுவாள். அப்போது மட்டும் கம்ப்ரசரை நிறுத்தாதீர்கள்.

உங்கள் மகள்