தையல் ரூம்

என்னங்க,

சாயங்காலம் கடையை மூடிட்டு நாம நடக்கப் போவோமே, அந்தப் பழைய தெருவுல பச்சை கேட்டு வீடு, அதை வாங்கிட்டேன். நேத்துதான் குடிவந்தேன்.

பக்கத்து வீட்டம்மா மதில்மேல எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? இந்த கேட்டு முன்னாடி நின்னு, தையல் மெஷினை எங்க போடுறதுன்னு சண்டை போடுவீங்களே! அந்த ஜன்னல் ரூமை எங்க தெருவே தையல் ரூம்னுதான் சொல்லும்"னாங்க. அப்போ விலைக்கே வராத வீட்டுக்கு நமக்குள்ள அப்படியொரு சண்டை!

"பின்னாடியே வர்றாரு"ன்னு வாயில வந்துடுச்சு. நீங்க பாதியில போய்ச் சேர்ந்ததை எந்த வாயால சொல்ல? உங்க போட்டோவுக்கு இன்னும் ஆணி அடிக்கல.

மெஷினை நீங்க கேட்ட ஜன்னல் ரூம்ல போடல, நான் சொன்ன பின்பக்க ரூம்லயே போட்டுட்டேன். ஒரே இருட்டு, ஊசியில நூல் கோக்க முடியல. ஆனா நகர்த்த மாட்டேன். பொறுக்கலைன்னா வந்து சண்டை போடுங்க.

உங்க பிடிவாதக்காரி