பஞ்சுவுக்கு இனிக் குளியல் இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் ஐந்து பேரும் சௌக்கியம், யார் அந்த ஐந்து பேர் என்று விரல் மடக்காதே, நான், உன் அப்பா, உன் மகள், அவளுடைய கினிப் பன்றிகள் இரண்டு. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலை முடிந்ததும் காலை நீட்டிப் படுக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் எழுந்து போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நம் வீடு உனக்குத் தெரியாததா, சமையலறையில் முணுமுணுத்தாலும் முன்னால் நம் சலவைக் கடை வரைக்கும் கேட்கும், உன் மகள் குட்டி ஒரு கண்ணைப் பாடப் புத்தகத்திலும் இரண்டு காதையும் என் வாயிலும் வைத்திருப்பாள். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தை உன்னைத் தவிர யாரும் படிக்க முடியாது என்பதும் ஒரு வசதிதான்.

அன்றைக்கு நீ போனில், அந்தப் பன்றிங்களை வாராவாரம் குளிப்பாட்டுங்கம்மா, அப்பவும் நாத்தம் போகலைன்னா யாருக்காவது குடுத்துடுங்க என்று சொன்னாயே, அதை அவள் கேட்டுவிட்டாள். அதிலிருந்து நீ கூப்பிட்டாலே குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள், நான் தூங்குறேன்னு சொல்லு பாட்டி என்று உள்ளேயிருந்து கத்துகிறாள், தூங்குகிற பிள்ளை அப்படிக் கத்துமா. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று உன்னிடம் சமாளித்து வைத்திருந்தேன். உன்மேல் தப்பில்லை, மேல்வீட்டுத் தையல்காரர் கொடுத்த தொந்தரவு அப்படி, ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிற வீட்டிலேர்ந்தா இந்த நாத்தம் வருது, நான் தைக்கிற துணியிலெல்லாம் ஏறுதே என்று படியில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். உன் அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது, சாப்பாட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

அப்புறம் அவரைக் கேட்க வேண்டுமா, தொட்டியில் வெதுவெதுவென்று தண்ணீர், கம்பளிக்குப் போடுகிற சோப்பு, முட்டி வரைக்கும் மடித்த கால்சட்டை. குட்டி குறுக்கே நின்று, தாத்தா அது சட்டை இல்ல, அதுங்களே நக்கி நக்கிச் சுத்தம் பண்ணிக்கும் என்றாள். போடி, சுருங்காம எத்தனை கம்பளிக்குத் தண்ணி காட்டினவன் நான், இது எம்மாத்திரம் என்று முடி நீளமாக இருக்கிற பஞ்சுவைத்தான் முதலில் பிடித்தார். அது போட்ட கூச்சலில் கடைக்கு வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நனைந்ததும் பஞ்சு பாதியாகிவிட்டான், பார் சுருங்கிடுச்சு என்று குட்டி அழுதாள், இவர் முகத்தில் ஈயாடவில்லை. துண்டுகளை இஸ்திரி போட்டுச் சூடாக்கி ஒன்று மாற்றி ஒன்று சுற்றிக் காய வைத்தோம், காய்ந்தும் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. கூண்டில் கொண்டுபோய் விட்டால் குட்டை முடிக்காரன் மொட்டை கிட்ட வந்து மோந்து பார்த்தான், கூடப் பிறந்தவனை யாரோ அசலூர்க்காரன் என்று நினைத்துப் பல்லைக் கடகடவென்று ஆட்டி மூலைக்குத் துரத்தினான். அதுவரைக்கும் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கினவை அவை.

மறுநாள் பஞ்சு தீனியைத் தொடவில்லை என்றதும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா நல்ல மனுஷி, பயமில்லை, குளிரும் மிரட்சியும்தான், கதகதப்பா வைங்க, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க என்று மருந்து கொடுத்தார். இதுங்களுக்கு வாராவாரம் குளியலே கூடாது, தோல் வறண்டுபோகும், அழுக்கில் புரண்டாலோ நோய் என்று டாக்டர் சொன்னாலோதான் குளியல், நீள முடிக்காரனுக்குப் பின்பக்கம் முடியை வெட்டிவிட்டு, அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் கழுவித் துவட்டினால் போதும் என்றார். அப்போ நாத்தம் எங்கேயிருந்து வருதுங்க என்று உன் அப்பா கேட்க, கூண்டில் என்ன விரிச்சிருக்கீங்க என்று அவர் திருப்பிக் கேட்டார். உன் அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் விஷயம் புரிந்தது. நம் வீட்டில் துணியை எறிகிற பழக்கம் ஏது, வெளுக்கப் போட்டுவிட்டு யாரும் திரும்ப வாங்க வராத பழைய போர்வைகளை உன் அப்பா அழகாக மடித்துக் கூண்டில் அடுக்கி மெத்தை போட்டுக் கொடுத்திருந்தார். மேல் துணியைத் தினமும் மாற்றுவார், அடியில் இருப்பதை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை, அத்தனை மூத்திரமும் அங்கேதான் ஊறியிருந்தது. தூக்கினதும் எனக்குக் கண்ணே எரிந்தது. ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்த மனுஷன் கையில் அந்தத் துணியோடு நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, குட்டிக்கும்தான், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். குளிக்க வேண்டியது அதுங்க இல்ல தாத்தா, உன் போர்வைதான் என்றாள் அவள். யார் வீட்டுப் பேத்தி, விடுவாளா.

இப்போது ஒரே விரிப்பு, வாசனைச் சோப்பு இல்லாமல் அலசி வெயிலில் காய்ந்தது, தினம் மாறுகிறது. அன்றைக்குச் சாயங்காலமே பஞ்சு புல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான். சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்த மொட்டையும் பழையபடி அவன் முதுகில் தலை வைத்துப் படுத்தான், அதைக் காட்ட குட்டி அடுப்பில் வேலையாக இருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தையல்காரர் வெளுக்கப் போட்ட சட்டையை வாங்க வந்தவர் மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னங்க, வித்துட்டீங்களா என்றார். உன் அப்பா பஞ்சுவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். மனுஷன் அதைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார், சட்டையை மறந்துவிட்டே போனார்.

உனக்கு வேலை அதிகம் என்று தெரியும், கோபமாக எழுதவில்லை, மனசு நிறைந்துதான் எழுதுகிறேன். யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை, உன் அப்பாவையும் சொல்ல விடவில்லை, கொடுத்துடுங்க என்று சொன்ன வாய்தான் வெச்சுக்கோ என்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனைக் குளியலறைக் கதவு கிட்டே கொண்டுபோய் வைக்கிறேன். சாப்பிட்டியா, படிச்சியா என்று ஆரம்பிக்காதே. மொட்டையும் பஞ்சுவும் சமாதானமாயிட்டாங்களா என்று கேள். தாழ்ப்பாள் தானாகத் திறக்கும்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். குளிருக்கு நான் அனுப்பிய கம்பளியைப் போட்டுக்கொள், துவைத்தால் வெந்நீரில் போடாதே.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா