வான்டாவுக்கு எது மெத்தை?

அன்புள்ள அம்மாவுக்கு,

லெஷெக் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போர்ட்டோவில் ஓயாத மழை, நான் சௌக்கியம்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு மேசைவிரிப்பின் அடியில் பரப்ப நீங்கள் அனுப்பிய காய்ந்த புல், நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்தது. வீட்டுக்கார அம்மாள் கிராசா அதைப் பிரித்து, என் பாம்பு வான்டாவின் கண்ணாடிப் பெட்டியில் கொட்டிவிட்டார். "பாம்புக்கு மெத்தைன்னு நெனச்சேம்ப்பா. மேசைக்கு யாராவது புல்லு போடுவாங்களா?" என்கிறார். இந்த ஊர் ஈரத்தில் புல் பூசணம் பிடித்து, வான்டாவுக்கு மூச்சு இரைத்தது. பயப்படாதீர்கள், இப்போது சரியாகிவிட்டது.

வான்டாவைப் பார்த்த கால்நடை மருத்துவர் சொன்னார்: "காகிதம் விரிச்சா சுத்தம் பண்ண லேசு, பாம்பும் கண்ணு முன்னாடியே கிடக்கும். ஆனா ஒளிய இடமில்லாம தவிக்கும். ஆஸ்பென் மரச்சீவல் போடு, உள்ளே புகுந்து நிம்மதியா இருக்கும். பைன் மட்டும் வேண்டாம், அந்த வாசனை ஆகாது." சீவலே போட்டேன். அன்று உள்ளே போனவள்தான், மூக்கு நுனிகூடத் தெரிவதில்லை.

விருந்தன்று கிராசா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்று, எதிர்பாராத விருந்தாளிக்கு ஒன்று என்று நம் வழக்கப்படி இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றைத்தான் கழுவ வேண்டியிருந்தது. விருந்து சூப்புக்கான பீட்ரூட் சாற்றை எத்தனை நாள் புளிக்கவிடுவீர்கள் என்று எழுதுங்கள். எனக்குச் சரியாக வரவில்லை.

கிறிஸ்துமஸ் விருந்து இரவில் விலங்குகள் மனிதக் குரலில் பேசும் என்பீர்களே, பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். வான்டா வாயே திறக்கவில்லை.

ஷிஃப்டுக்கு நேரமாகிறது. நம் பசு பேசியதா அம்மா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டதா?

உங்கள் லெஷெக்